இண்டஸ்ட்ரி நட்ட நாலு பைப்பு

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இதை யாரிடமும் மறைத்ததில்லை. மறைப்பதாவது, கேட்காதவர்களிடமும் சொல்வேன். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவர், பல் பிடுங்கிய டாக்டர் (வாயில் பஞ்சோடு சொன்னேன்), பந்தியில் சாம்பார் ஊற்ற வந்தவர், எல்லோருக்கும் தெரியும். ஏனென்றால் அதற்கு அடுத்த வரிதான் எனக்கு முக்கியம்: "ஆனா இன்னைக்கு பழவேற்காட்டுல எங்கிட்ட ஐஸ் வாங்காத படகு உண்டா?"

அந்த அடுத்த வரியால் ஒரு பெண்ணுக்கு வர இருந்த வேலை போயிற்று. அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். என் வீட்டில் இந்தக் கதையைச் சொல்லிச் சிரிப்பார்கள். நானும் கூடச் சிரிப்பேன். பேனாவை எடுத்தால் மட்டும் சிரிப்பு அவ்வளவாக வருவதில்லை.

நடந்து நாலு வருஷம் ஆகிறது. அப்போது எனக்கு வயது ஐம்பத்தெட்டு. ஆகவே இளம் வயதுத் திமிர் என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை.

பொன்னேரிக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஒரு இன்ஜினியரிங் காலேஜிலிருந்து ஜெயசீலன் என்ற புரொபசர் என் ஐஸ் கம்பெனிக்கு வந்தார். கடைசி வருஷப் பிள்ளைகள் ஆராய்ச்சி ப்ராஜெக்ட் செய்ய வேண்டுமாம். காலேஜுக்குள்ளேயே செய்தால் மதிப்பில்லையாம். வெளியே ஒரு தொழிற்சாலை சேர்ந்து நிற்க வேண்டுமாம். அதற்குப் பெயர் 'இண்டஸ்ட்ரி பார்ட்னர்'.

"அப்ப நான் இண்டஸ்ட்ரியா?" என்று கேட்டேன்.

"ஆமா சார். நீங்கதான் இண்டஸ்ட்ரி."

இதை அவர் சொல்லியிருக்கவே கூடாது. பன்னிரண்டு வயதில் தலையில் சாக்கு போட்டு ஐஸ் பார் சுமந்தவனைப் பார்த்து இப்படிச் சொன்னால் அவன் என்ன ஆவான்? மறுநாளே பெயின்டரைக் கூப்பிட்டு கம்பெனி வாசலில் 'இண்டஸ்ட்ரி பார்ட்னர்' என்று எழுத வைத்தேன். (ஐஸ் வாங்க வந்தவர்கள் அதை ஏதோ புது சிகரெட் விளம்பரம் என்று நினைத்தார்கள்.) காலேஜில் சால்வை போட்டார்கள். எட்டுப் பக்க ஒப்பந்தத்தைக் கொடுத்தார்கள். முழுக்க இங்கிலீஷ். எட்டுப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டேன், பிரின்சிபால் போட வேண்டிய இடத்திலும் சேர்த்து. அவருக்காக இன்னொரு பிரதி எடுத்தார்கள். ஜெயசீலன் சார் நல்ல மனுஷன், ஒரு வரியை மட்டும் தமிழில் படித்துச் சொன்னார்: "ப்ராஜெக்ட் வைக்கிற இடத்துக்கு அனுமதி வாங்கறது இண்டஸ்ட்ரி பொறுப்பு."

"ஏரியில எனக்கு யாரு அனுமதி குடுக்கறது? நான் குடுப்பேன்" என்றேன். மேடையில் எல்லோரும் கை தட்டினார்கள்.

ப்ராஜெக்ட் என்ன என்றால், ஒரு பெட்டி. டிபன் கேரியர் அளவு இருக்கும். முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் தண்ணீரில் மிதக்க விட்டால், தண்ணீரின் உப்பு எவ்வளவு, சூடு எவ்வளவு என்று பார்த்து என் போனுக்குச் செய்தி அனுப்பும். கடல் தண்ணீர் உள்ளே ஏறினால் கூடவே இறால் வரும். இறால் வரப் போவது முன்கூட்டியே தெரிந்தால் எத்தனை பார் ஐஸ் போடுவது என்று எனக்குத் தெரியும். நிஜமாகவே நல்ல யோசனை. அந்த யோசனை என்னுடையது என்று நான் ஊரில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

யோசனை பவித்ராவுடையது. மூன்று பேர் கொண்ட குழுவில் அவள்தான் தலை. எங்கள் குப்பத்துக்குப் பக்கத்துக் குப்பம். அப்பா எத்திராஜ் ஏரியில் வலை போடுகிறவர். அந்தக் குப்பத்திலிருந்து இன்ஜினியரிங் படிக்கப் போன முதல் பெண். ப்ராஜெக்ட்டுக்கு மார்க் போடுகிற ரிவ்யூ அன்றைக்கு சென்னையிலிருந்து ஒரு கம்பெனியின் ஆட்கள் வந்து எல்லா ப்ராஜெக்ட்டையும் பார்ப்பார்கள், எது பிடிக்கிறதோ அந்தப் பிள்ளைகளுக்கு அங்கேயே வேலை. குழுவில் ஒரு பையனுடைய அப்பாவுக்கு ஹார்டுவேர் கடை, இன்னொருவனுடைய மாமா துபாயில். பவித்ராவுக்கு இந்தப் பெட்டி ஒன்றுதான்.

திங்கட்கிழமை ரிவ்யூ. அதற்கு முன் மூன்று நாளாவது பெட்டி முகத்துவாரத்தில் மிதந்து கணக்கு எடுக்க வேண்டும். வியாழக்கிழமை காலை போடுவதாக முடிவு செய்தோம்.

இங்கே பாடு பற்றிச் சொல்ல வேண்டும். முகத்துவாரத்தில் இறால் விழுகிற இடத்தில் நினைத்தவன் நினைத்த நாள் வலை கட்ட முடியாது. மூன்று குப்பத்துக்கும் ஆளுக்கொரு நாள் முறை. ஒவ்வொரு குப்பத்துக்குள்ளேயும், சேர்ந்து வலை போடுகிற ஒவ்வொரு செட்டுக்கும் முறை. அந்த முறைக்குப் பெயர்தான் பாடு. ஒரு செட்டுக்கு ஒரு தடவை வந்து போனால் மறுபடி வர பதினைந்து இருபது நாள் ஆகும். அடுத்தவன் பாட்டில் ஒரு கழி நட்டாலும் அது அந்த இடம் என்னுடையது என்று சொல்வதற்குச் சமம். எங்கள் ஊரில் கைக்குழந்தைக்கும் தெரியும்.

எனக்கும் தெரியும். அதனால்தான் விரல் விட்டு எண்ணினேன். புதன் பக்கத்துக் குப்பம், வியாழன் எங்கள் குப்பம். எங்கள் குப்பத்துப் பாட்டில் என்னை யார் கேட்பது?

பவித்ரா போனில் கேட்டாள். "சார், வியாழக்கிழமை யாரு பாடுன்னு நைனாவ ஒரு தடவ கேட்டுடட்டுமா? நான் ஹாஸ்டல்ல கீறேன், எனக்கு சரியா தெரியல."

"யம்மா, நான் பொறந்து வளர்ந்த தண்ணி இது. எனக்கே பாடு கத்துத் தரியா?"

"இல்ல சார், சும்மா ஒரு வார்த்தை..."

"ஒப்பந்தத்துல இன்னா போட்டுக்கீது? அனுமதி யாரு பொறுப்பு?"

"இண்டஸ்ட்ரி சார்."

"அப்ப வையி போன."

நான் எண்ணியதில் ஒரு நாள் தப்பு. மூன்று குப்பத்தில் எங்கே சாவு விழுந்தாலும் அன்றைக்கு முகத்துவாரத்தில் யாரும் வலை கட்டுவதில்லை. பாடு மொத்தமும் ஒரு நாள் தள்ளிப் போகும். அந்த வாரத் திங்கட்கிழமை எங்கள் குப்பத்திலேயே ஒரு பெரியவர் செத்துப் போனார். ஆகவே வியாழக்கிழமை பக்கத்துக் குப்பத்தின் பாடாகிவிட்டது. தெரியாது என்று சொல்ல முடியாது. மாலை வாங்கிக்கொண்டு போனேன். அழுதேன். பிணத்துக்கு ஐஸ் வைத்ததே என் கம்பெனிதான்.

இதோடு விட்டேனா? பிள்ளைகள் ஒரு கயிறும் ஒரு கல்லும் கட்டி பெட்டியை மிதக்க விடலாம் என்றார்கள். இண்டஸ்ட்ரி அதை ஒத்துக்கொள்ளுமா? பெட்டியைச் சுற்றி நாலு இரும்பு பைப்பு நட்டு நடுவில் கட்டச் சொன்னேன். பைப்பின் தலை வெளியே தெரிந்தால் எவனாவது பழைய இரும்புக்குப் பிடுங்கிக்கொண்டு போவான் என்று, தலை தண்ணீருக்கு ஒரு முழம் கீழே இருக்கும்படி அறுக்க வைத்தேன். அறுத்த முனை கத்தி மாதிரி இருந்தது. தண்ணீருக்கு மேலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. எனக்கு ரொம்பப் பெருமை. "இனிமே ஒருத்தன் கண்டுபிடிக்க முடியாது" என்று போட்டோ எடுத்து ஜெயசீலன் சாருக்கு அனுப்பினேன். (போட்டோவில் தண்ணீர் மட்டும்தான் இருந்தது.)

வெள்ளிக்கிழமை காலையில் செய்தி வந்தது. முந்தின நாள் சாயங்காலம் அன்றைக்குப் பாடு உள்ளவர்கள் வலை கட்ட வந்திருக்கிறார்கள். பெட்டியைப் பார்த்திருக்கிறார்கள், யாரோ நண்டுக் கூட்டுக்கு வைத்த மிதப்பு என்று ஒதுங்கியே வலை விட்டிருக்கிறார்கள். தண்ணீர் வடியும்போது வலை பைப்பில் போய் விழுந்து, இழுக்க இழுக்கக் கிழிந்து, விடிந்து பார்த்தால் கையில் நாரும் நூலும்தான். ஆறு பேர் செட்டு. இருபது நாள் காத்திருந்து வந்த பாடு.

அந்த ஆறு பேரில் ஒருவர் எத்திராஜ். பவித்ராவின் நைனா.

நாலு பைப்பையும் பிடுங்கி, பெட்டியையும் எடுத்துக்கொண்டு போய் அந்தக் குப்பத்துப் பொது அறையில் வைத்துவிட்டார்கள். நட்டவன் ஊர் முன்னால் வந்து நின்று தப்பை ஒத்துக்கொண்டு, நட்டதைத் தானே சுமந்துகொண்டு போக வேண்டும். அதுவரை அந்தப் பொருள் வெளியே போகாது. அவ்வளவுதான் சட்டம். அரை மணி நேர வேலை.

நான் என்ன செய்தேன்? மேனேஜரை அனுப்பி புது வலை வாங்கி, லோடு ஆட்டோவில் ஏற்றி, மேலே ஒரு மாலையும் போட்டு அனுப்பினேன். ஒரு மணி நேரத்தில் ஆட்டோ அப்படியே திரும்பி வந்தது, மாலை உட்பட.

"வலை வேணாமாம் சார்" என்றான் டிரைவர். "ஆளு வரணுமாம்."

நான் போகவில்லை. அந்தக் குப்பத்தில்தான் நான் சின்ன வயதில் வெறுங்காலோடு ஐஸ் சுமந்தேன். அதே மணலில், அதே ஆட்கள் முன்னால் கை கட்டி நிற்பதா?

சனிக்கிழமை ஜெயசீலன் சாரும் பவித்ராவும் வந்தார்கள். அவள் ராத்திரி முழுக்கத் தூங்காத முகத்தோடு நின்றாள்.

"சார், ஒரு தடவை போய் நின்னுட்டு வந்துடுங்க சார். திங்கக்கெழம பத்து மணிக்கு ரிவ்யூ."

"நீ ஏன் பயப்படற? ஒரு போன் போட்டா பெட்டி நடந்து வரும்."

போட்டேன். இன்ஸ்பெக்டருக்குப் போட்டேன். "பாடு விஷயமா? அதுல நாங்க தலையிட மாட்டோம் சார், வேற எதனா கேளுங்க" என்றார். ஒரு கட்சிக்காரருக்குப் போட்டேன். அவர் சிரித்தார். ஸ்பீக்கரில் வேறு போட்டிருந்தேன், செல்வாக்கு தெரியட்டும் என்று.

"உங்க நைனாவே எடுத்துத் தரலாமே?" என்று அவளையே கேட்டேன்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "கேட்டேன் சார். முடியாதுன்னுட்டாரு."

அன்று சாயங்காலம் எத்திராஜே போன் செய்தார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

"அண்ணா, கூட அஞ்சு பேரு கீறாங்க. என் பொண்ணுதுன்னு பெட்டிய நான் எடுத்துக் குடுத்தா, நாளைக்கு எந்த மூஞ்சிய வச்சுக்கினு பாட்டுல நிப்பேன்? நீ வந்து ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிடு. புள்ள படிப்பு அண்ணா."

"பாக்கலாம் எத்திராஜி" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமையும் போன் செய்தார். ஞாயிற்றுக்கிழமையும் 'பாக்கலாம்' என்றேன். பெரிய மனிதர்கள் 'முடியாது' என்பதை எப்படிச் சொல்வார்கள் என்று நான் கற்றுக்கொண்டிருந்தேன்.

கடைசியில் வாயைத் திறந்தவள் என் மனைவி தனம். திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு என் முன்னால் காபியை வைக்காமல் நின்றாள்.

"இன்னாங்க, அஞ்சாவது படிச்சேன் அஞ்சாவது படிச்சேன்னு ஊரெல்லாம் சொல்றியே. அந்தப் பொண்ணு பதினாறு வருஷம் படிச்சுக்கீது. அதையும் அஞ்சாவதோட நிறுத்திட்டு வா, போ."

காபி வரவே இல்லை. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினேன். (மன்னிப்புக் கேட்கப் போகிறவன் கஞ்சி போட்ட சட்டையா போடுவான் என்று தனம் இன்றைக்கும் கேட்பாள்.)

நான் போன நேரத்தில் ஆட்கள் எல்லாம் மீன் ஏலத்தில் இருந்தார்கள். ஏலம் முடிந்து, குளித்து, ஊர்த் தலைவர் வந்து உட்கார்ந்தபோது மணி பதினொன்றரை. மணலில் சுற்றி நின்றார்கள். நான் நடுவில். நானோ மைக் பிடித்தே பழகியவன்.

"எல்லாருக்கும் வணக்கம். நான் அஞ்சாம் வகுப்போட..."

"அது தெரியும்" என்றார் தலைவர். "தப்பா, இல்லையா?"

"அதைத்தான் சொல்ல வரேன். பன்னெண்டு வயசுல இதே குப்பத்துல..."

"தப்பா, இல்லையா?"

பின்னாலிருந்து ஒரு அம்மா சத்தமாகக் கேட்டாள்: "சாவுக்கு ஐஸு அனுப்பின ஆளுக்கு சாவு ஞாபகம் இல்லியா?" எல்லோரும் சிரித்தார்கள். எத்திராஜ் சிரிக்கவில்லை. அவர் மணியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கையில் கடிகாரம் இல்லை. போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தப்பு" என்றேன். ஒரே சொல். மூன்று நாளாக என் தொண்டையில் இருந்த சொல், சொல்லி முடிக்க அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

பிறகு பைப்பு. நாலையும் ஒன்றாகக் கட்டித் தோளில் வைத்தார்கள். துருவும் சேறுமாக, குப்பத்தின் நடுத்தெருவில் கார் வரைக்கும் சுமந்தேன். பாதி வழியில் கட்டு அவிழ்ந்து ஒரு பைப்பு காலில் விழுந்தது. இடது கால் பெருவிரல் நகம் போயிற்று. குனிந்து எடுத்து மறுபடி தோளில் வைத்துக்கொண்டேன். ஒருவரும் உதவிக்கு வரவில்லை. வரவும் கூடாது, அதுதான் சட்டம்.

பெட்டியை எத்திராஜ் கொண்டு வந்தார். அவருடைய துவைத்த லுங்கியில் சுற்றி, மேலே பிளாஸ்டிக் பை போட்டு, ஒரு சொட்டு ஈரம் படாமல் வைத்திருந்தார். என் கையில் கொடுக்கும்போது ஒன்றே ஒன்று சொன்னார்: "சீக்கிரம் போ அண்ணா."

பொன்னேரியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. ஒரு சரக்கு வண்டி போயிற்று. திறப்பார்கள் என்று பார்த்தால் எதிர்ப்பக்கம் இன்னொரு வண்டி. நான் காரை விட்டு இறங்கி கேட்காரரிடம் போய், நான் யார் தெரியுமா என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை.

காலேஜ் வாசலுக்குப் போகும்போது மணி இரண்டு. உள்ளேயிருந்து ஒரு வெள்ளைக் கார் வெளியே வந்துகொண்டிருந்தது. கம்பெனிக்காரர்கள்தான் என்று எனக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. இறங்கி ஓடிப் போய் அதன் முன்னால் நின்றேன். துருக்கறை பிடித்த சட்டை, ரத்தம் வடிகிற கால், கக்கத்தில் லுங்கி சுற்றிய ஒரு பெட்டி.

"நில்லுங்க! நான்தான் இண்டஸ்ட்ரி!" என்று கத்தினேன்.

செக்யூரிட்டி இரண்டு பேர் ஓடி வந்து என்னைப் பிடித்துக்கொண்டார்கள். பெட்டியை வெடிகுண்டு என்று நினைத்து ஒருவன் வாசல் தூணுக்குப் பின்னால் போய் நின்றான். சத்தம் கேட்டு பவித்ரா ஓடி வந்தாள், பின்னாலேயே ஜெயசீலன் சார். அவள் என்னைப் பார்க்கவில்லை. பெட்டியை வாங்கி, லுங்கியைப் பிரித்து, காரின் பானெட் மேலேயே வைத்து ஸ்விட்சைப் போட்டாள். பச்சை விளக்கு எரிந்தது. என் சட்டைப் பையில் போன் கிணுகிணுத்தது. உப்பு எவ்வளவு, சூடு எவ்வளவு என்று சரியாகச் செய்தி வந்தது. தண்ணீரே இல்லாத இடத்தில் உப்பு சுழியம் என்றும் சரியாகவே சொன்னது.

காரில் இருந்தவர் கண்ணாடியை இறக்கினார். நல்ல மாதிரியாகத்தான் பேசினார். "வெரி குட்மா. காலைல இருந்திருந்தா பாத்திருப்போம். லிஸ்ட் குடுத்துட்டோம்."

கண்ணாடி ஏறியது. பவித்ரா பெட்டியை எடுத்துக்கொண்டு ஒதுங்கினாள். கார் போயிற்று. வேலை, கேன்டீன் டோக்கனைப் போனிலேயே வாங்குகிற ஏதோ ஒரு ப்ராஜெக்ட் செய்த பிள்ளைகளுக்குக் கிடைத்தது. ஜெயசீலன் சார் அலைந்து திரிந்து பெட்டியை மறுநாள் பார்க்க வைத்து, பாஸ் மார்க் போட வைத்தார். காலேஜ் அடுத்த வருஷம் என்னோடு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. சால்வையைத் திருப்பிக் கேட்கவில்லை, அது அவர்களுடைய பெருந்தன்மை.

அன்றைக்குக் கார் போனதும் லுங்கியைப் பவித்ரா மடித்து எடுத்துக்கொண்டாள். பெட்டியோடு உள்ளே நடந்தாள். திரும்பி வந்து திட்டுவாள் என்று காரில் ஏறாமல் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு ஏறினேன்.

என் வீட்டில் இது இன்றைக்கும் ஓடுகிறது. காலையில் பாத்ரூம் கதவைத் தட்டினால் உள்ளேயிருந்து மருமகள் கேட்பாள்: "மாமா, இன்னைக்கு யாரு பாடுன்னு கேட்டீங்களா?" டிவி ரிமோட்டை எடுத்தால் பேரன் கேட்பான். பந்தியில் முதலில் உட்கார்ந்தால் தனம் கேட்பாள். வீட்டிலிருந்து தெருவுக்குப் போய், தெருவிலிருந்து ஐஸ் கம்பெனிக்கே வந்துவிட்டது. லைனில் முந்துகிறவனைப் பார்த்து மற்றவர்கள் கத்துவதும் இதைத்தான். வாசலில் 'இண்டஸ்ட்ரி பார்ட்னர்' என்ற எழுத்தின் மேல் வெள்ளையடித்தேன். மழை பெய்தால் வெள்ளைக்கு அடியில் எழுத்து தெரிகிறது.

பவித்ரா இப்போது கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு ஃபேக்டரியில் இருக்கிறாள். பாட்டில் மூடி சரியாக விழுந்திருக்கிறதா என்று நின்றுகொண்டே பார்க்கிற வேலை. பத்தாவது படித்தால் போதும் என்கிற வேலை. என் கம்பெனிக்கு வரச் சொல்லி இரண்டு தடவை ஆள் அனுப்பினேன். வரவில்லை.

போன பொங்கலுக்கு லீவில் வந்திருந்தாள். எத்திராஜ் செட்டுக்குப் பாடு விழுந்திருந்த நாள். காலையில் மீனுக்கு ஐஸ் வாங்க அவளே காலி ஐஸ் பெட்டியோடு வந்து லைனில் நின்றாள். நான் பார்த்துவிட்டேன். எழுந்து போனேன்.

"பவித்ரா, நீ ஏம்மா நிக்கற? முன்னால வா. உனக்கு மொதல்ல போடச் சொல்றேன்."

அவள் மரியாதையாகத்தான் சொன்னாள்.

"வேணாம் சார். எனக்கு முன்னால நாலு பேரு கீறாங்க. என் பாடு வரட்டும்."

லைன் முழுக்க வெடித்துச் சிரித்தது. ஐஸ் உடைக்கிற பையன் மெஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தான். சிரிக்காதது இரண்டு பேர்தான். அவள் தன் பெட்டியைக் காலால் ஒரு அடி முன்னே தள்ளி வைத்துக்கொண்டு நின்றாள். நான் அந்த நாலு பேரும் வாங்கிப் போகிற வரைக்கும் அங்கேயே நின்றேன்.